கதாநாயகன் பாடாத இசைப்படம்

கேள்வி இதுதான்: “வீட்டில் பெரியவர்கள் எல்லாரும் ‘தில்லானா மோகனாம்பாள்’தான் தமிழில் வந்த மிகச் சிறந்த இசைப்படம் என்கிறார்கள். போன கிழமை நானும் இருந்து பார்த்தேன். பாட்டு என்று பார்த்தால் விரல் விட்டு எண்ணிவிடலாம், கதாநாயகன் ஒரு பாட்டுக்கும் வாயசைக்கவில்லை, படமோ மூன்று மணித்தியாலத்துக்குக் கிட்ட. இதை எப்படி இசைப்படம் என்பது? பழைய ஞாபகத்தில்தான் சொல்கிறார்களா?” கேட்டவர் திருகோணமலைத் தம்பி ஒருவர். நானும் இந்த ஊர்தான், அதனால் ஊர்க்கதையும் கலந்துதான் பதில் வரும்.

தம்பி, நீங்கள் குறையாகச் சொன்ன அந்த விஷயம்தான் எனக்கு அந்தப் படத்தில் ஆகப் பெரிய விஷயமாகப் படுகிறது. கதாநாயகன் பாடவில்லை. 1968இல் வந்த ஒரு சிவாஜி படம். டி.எம்.எஸ். குரல் சிவாஜியின் சொந்தக் குரலாகவே சனங்களுக்குப் பழகிப்போன காலம். இயக்கியவர் ஏ.பி. நாகராஜன், இசை கே.வி. மகாதேவன், பாட்டெழுதியவர் கண்ணதாசன். மூன்று வருசத்துக்கு முன்னால், 1965இல், இதே நாகராஜனும் இதே மகாதேவனும் இதே சிவாஜியும் சேர்ந்து ‘திருவிளையாடல்’ தந்திருந்தார்கள். அதில் கௌரிமனோகரி ராகத்தில் வரும் ‘பாட்டும் நானே’யை டி.எம்.எஸ். பாட, சிவாஜியே பாடுகிறவராகவும் வாத்தியம் வாசிக்கிறவராகவும் மாறி மாறி வருவார், அந்தப் பாட்டு இன்றைக்கும் ஒலிக்காத கோயில் வீதி இல்லை. அப்படியிருக்க, அடுத்த இசைக் கதையில் டி.எம்.எஸ்ஸுக்கு ஒரு பாட்டாவது வைத்துவிடுவதுதான் யாரும் செய்யக்கூடியது. வைத்திருந்தால் படம் ஓடியும் இருக்கும், ஒருவரும் குறை சொல்லியிருக்கவும் மாட்டார்கள். நாகராஜன் வைக்கவில்லை. ஏனென்றால் சிவாஜி நடிக்கும் சிக்கல் சண்முகசுந்தரம் ஒரு நாதஸ்வரக்காரன், சீவாளி வாயில் இருக்கிறவன். அவன் சொல்ல நினைக்கிறது எல்லாம், காதல், கோபம், கர்வம், வீம்பு எல்லாம், அந்தக் குழலுக்குள்ளால்தான் வெளியே வரவேண்டும். அந்த ஒரு தீர்மானத்தில் கடைசிவரை நின்ற படம் இது.

இன்னொன்றையும் கவனித்துப் பாருங்கள். இந்தப் படத்தில் யாரும் காரணமில்லாமல் பாடுவதில்லை. மரத்தைச் சுற்றி ஓடும் காதல் பாட்டு இல்லை, கனவுப் பாட்டு இல்லை, மலை உச்சியில் நின்று தனியாகப் பாடும் சோகப் பாட்டும் இல்லை. ‘மறைந்திருந்து பார்க்கும் மர்மம் என்ன’ கதாநாயகி மோகனா, பத்மினி நடித்த ஆடற்காரி, சபையில் ஆடும் ஆட்டம். ‘நலந்தானா’ அவளும் அவனும் ஒரே மேடையில் இருக்கும்போது நடக்கிறது. எல்.ஆர். ஈஸ்வரி பாடிய ‘பாண்டியன் நானிருக்க’ ஜில் ஜில் ரமாமணியின் கூத்துக் கொட்டகையில் நடக்கிறது. ஒவ்வொரு பாட்டுக்கும் கதைக்குள்ளேயே ஒரு மேடை இருக்கிறது, கேட்கிற சபை இருக்கிறது, ஆடுகிறவளுக்கு அது தொழிலாகவும் இருக்கிறது. ஆங்கில இசைப்படங்களைப் புகழ்கிறவர்கள் நம் பக்கத்திலும் நிறையப் பேர், நானும் ‘சவுண்ட் ஒஃப் மியூசிக்’ படத்தை விரும்பிப் பார்க்கிறவன்தான். ஆனால் அங்கே ஒரு பாத்திரம் கதைத்துக்கொண்டிருக்கும்போதே பாடத் தொடங்கிவிடும், நாமும் ஏற்றுக்கொள்ளவேண்டும். நம்முடைய பழைய படங்களும் அதையேதான் செய்தன, அதற்கும் முன்னால் நாடக மேடையும் செய்தது. தில்லானா மோகனாம்பாள் அந்தச் சலுகையைக் கேட்கவே இல்லை. இசை என்பது சிலர் பிழைக்கும் தொழில், அதற்குப் பயிற்சி வேண்டும், கூலி வேண்டும், மரியாதை வேண்டும், பொறாமையும் வரும், அதற்குள்ளேதான் காதலும் வரும் என்று இறங்கிவிட்டது. அதனால் பாட்டுகளை எண்ணி இந்தப் படத்தை அளக்க முடியாது.

இனி அந்த வாத்தியத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும், அது விளங்கினால்தான் சிவாஜி என்ன செய்திருக்கிறார் என்பது விளங்கும். நாதஸ்வரம் இரண்டரை அடிக்கு மேல் நீளமான ஒரு மரக் குழல், நல்லது என்றால் ஆச்சா மரம். கும்பகோணத்துக்குப் பக்கத்தில் நரசிங்கம்பேட்டை என்ற ஊர் அதைச் செய்வதற்கே பெயர் போனது. விரல் வைக்க மேலே ஏழு துளை, கீழே சுருதியைச் சரிபார்க்க ஐந்து துளை, அடியில் விரிந்து நிற்கும் அணசு. மேலே வாயில் வைக்கும் சீவாளி நாணல் வகையில் செய்வது, அதை நனைத்துப் பதப்படுத்தாமல் வாசிக்க முடியாது. சாவி, பொத்தான் ஒன்றும் கிடையாது. ஒரு சுரத்துக்கும் அடுத்த சுரத்துக்கும் நடுவில் உள்ள அத்தனை நெளிவும் உதட்டின் பிடியிலும் மூச்சின் அழுத்தத்திலும் விரலை அரைவாசி தூக்குவதிலும்தான் வரவேண்டும். ஒரு மணித்தியாலம் வாசித்து முடித்த ஆளின் கழுத்தையும் கன்னத்தையும் கிட்ட நின்று பார்த்தால் அது எவ்வளவு உடலுழைப்பு என்று தெரியும்.

நாங்கள் அதைக் கிட்ட நின்று பார்த்து வளர்ந்தவர்கள். சிவராத்திரி முடிந்து கோணேசர் நகர்வலம் வரும் இரவுகளில் வாசலில் நிறைகுடம் வைத்துவிட்டுக் காத்திருப்போம், சுவாமி கண்ணில் படுவதற்கு முன்னால் மேளச் சத்தம் ஒழுங்கை முனையில் திரும்பிவிடும். பத்திரகாளி அம்மன் கோயில் திருவிழாவில் வெளிவீதியில் சுவாமியை நிறுத்திவிட்டு மேளகாரர் வட்டமாக நின்று வாசிக்கும்போது பெடியன்கள் எல்லாம் தவில்காரரின் வலது கைக்கு நேரே போய் இருந்துகொள்வோம். விரல் நுனிகளில் மாவும் துணியும் சேர்த்துச் சுற்றிக் காயவைத்த வெள்ளைக் கூடுகள், இடது கையில் பூவரசந்தடி. தட்டத் தொடங்கினால் அந்த வெள்ளை நுனிகள் தனித்தனியாகத் தெரியாது, ஒரே கோடாக ஓடும். நாதஸ்வரக்காரர் ஒரு பிடியைப் பிடித்து நீட்டிக்கொண்டே போவார், முகம் சிவந்து கண் கொஞ்சம் பிதுங்கும், எங்கே மூச்சு எடுக்கிறார் என்று பார்த்துக்கொண்டே இருப்போம், பிடிபடாது. முடித்தவுடன் வாத்தியத்தைக் கீழே இறக்கி, சீவாளியைக் கழற்றி உதறி, கொத்தாகத் தொங்கும் மற்றச் சீவாளிகளில் ஒன்றை எடுத்து வாயில் வைத்து நனைத்துக்கொண்டே சாதாரணமாகப் பக்கத்தில் நிற்பவரோடு தலையசைத்துக் கதைப்பார். அந்தச் சாதாரணம்தான் எனக்குப் பெரிய ஆச்சரியமாக இருக்கும்.

படத்தில் சிவாஜியைப் பாருங்கள், இதெல்லாம் இருக்கும். வாசிக்கிற இடத்தைவிட வாசிக்காத இடங்களில் கூடுதலாக இருக்கும். வாத்தியத்தைப் பிடிக்கும் பிடி, வாயிலிருந்து எடுக்கும் வேகம், பக்கத்துக் குழலுக்கு இடம் விட்டுக் கண்ணால் சைகை காட்டுவது, தவில் பக்கம் திரும்பி ஒரு புன்சிரிப்பு. மூச்சு எடுக்கும் இடங்கள் வாசிப்பின் சொற்றொடர் முடியும் இடங்களோடு சேர்ந்து வருகின்றன. உண்மையில் வாசித்தவர்கள் மதுரை சகோதரர்கள் எம்.பி.என். சேதுராமனும் எம்.பி.என். பொன்னுசாமியும். இரண்டு நாதஸ்வரம் சேர்ந்து போவதால்தான் திரையிலும் சிவாஜிக்குப் பக்கத்தில் தம்பி தங்கரத்தினமாக ஏ.வி.எம். ராஜன் இருக்கிறார். தவிலில் முத்துராக்காக டி.எஸ். பாலையா. வாசிப்பு ஒருவருடையது, உடம்பு இன்னொருவருடையது என்று எனக்குத் தெரிந்திருந்தும், ‘நகுமோமு’ வரும்போது அதை மறந்துவிடுகிறேன். தியாகராஜர் கீர்த்தனை, ஆபேரி ராகம். கோயில் வீதியில் எத்தனையோ தரம் கேட்ட உருப்படிதான், ஆனால் அங்கே அந்த வாசிப்பு ஒரு மனிதனின் குணத்தையே காட்டுகிறது: தன் வித்தையில் அசையாத நம்பிக்கை, அதைச் சரியாகக் கேட்காதவர்கள்மேல் பொறுமையின்மை.

அந்தப் பொறுமையின்மை சும்மா வைத்தது இல்லை. நாதஸ்வர வித்துவான்கள் பெரிய மனிதர் வீட்டு வாசலிலும் கோயில் வீதியிலும் நின்றபடி, சால்வையை இடுப்பில் கட்டிக்கொண்டு வாசித்த காலம் ஒன்று இருந்தது. அந்த நிலைமைக்கு எதிராக நிமிர்ந்து நின்றவர் என்று திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையைச் சொல்வார்கள். 1898இல் பிறந்து 1956இல் மறைந்தவர். தோடி ராகம் என்றாலே அவர் பெயர்தான் வரும். சண்முகசுந்தரத்தைப் பார்க்கிற பலருக்கும் அவர் ஞாபகம் வரும், எனக்கும் வரும். சிங்கபுரம் மைனர் வீட்டில் வெள்ளைக்காரருக்கு முன்னால் நாதஸ்வரத்தில் இங்கிலீஷ் நோட்டு வாசிக்கும் இடம் இருக்கிறதல்லவா, அதைப் பலர் சிரித்துக்கொண்டு பார்த்துவிட்டுப் போய்விடுகிறார்கள். எனக்கு அது படத்தின் முக்கியமான இடங்களில் ஒன்று. உங்களுக்குத் தெரிந்தது எனக்கும் தெரியும், எனக்குத் தெரிந்தது உங்களுக்குத் தெரியாது என்று ஒரு கலைஞன் ஒரு சொல்லும் சொல்லாமல் காட்டுகிறான். எங்கள் ஊர்த் திருவிழாக்களிலும் பிந்திய சாமத்தில் மேளகாரரிடம் சினிமாப் பாட்டு வாசிக்கச் சொல்லிக் கேட்பார்கள். நல்ல வித்துவான் அதையும் முகம் சுளிக்காமல் வாசிப்பார், வாசித்து முடித்துவிட்டு அதே ராகத்தில் ஒரு கீர்த்தனைக்குப் போய்விடுவார். அந்தக் கெட்டித்தனம் எனக்கு இந்தக் காட்சியில் தெரியும்.

அடுத்தது போட்டி. கதையின் முதுகெலும்பு இது. கதையை எழுதியவர் கொத்தமங்கலம் சுப்பு, ஆனந்த விகடனில் தொடராக வந்தது, கோபுலுவின் படங்களோடு. தொடரில் ஊர் ஊராக விரிந்த கதையைப் படம் ஒரு சவாலில் கட்டிவைத்தது: என் வாசிப்புக்கு உன்னால் ஆட முடியுமா? திருவாரூரில் அந்தப் போட்டி நடக்கிறது. தில்லானா என்பது ஆடற்கச்சேரியின் கடைசியில் வரும் உருப்படி, சொல் குறைவு, ஜதியும் தாளமும்தான் அதிகம், அதனால் முகபாவத்தைக் காட்டித் தப்பிக்க வழியில்லை, காலும் கணக்கும்தான் பேசவேண்டும். குழல் முன்னே போகிறது, கால் பின்னே வருகிறது, தவில் நடுவில் நின்று இரண்டு பேரையும் உந்துகிறது. பத்மினி சிறுவயதிலிருந்தே முறைப்படி நடனம் படித்து ஆடியவர் என்பதால் கமெரா அவருடைய முழு உடம்பையும் பாதத்தையும் தயங்காமல் காட்டுகிறது. வயது கூடத் தெரிகிறது என்று சிலர் சொல்வார்கள். தெரியட்டும். ஒரு தொழில்முறை ஆடற்காரி, ஊருக்கு ஊர் போய் ஆடி உடம்பு பழகிய ஒருத்தி அப்படித்தான் இருப்பாள். பதினெட்டு வயதுப் பிள்ளை ஒன்றை அங்கே நிறுத்தியிருந்தால் அந்தச் சவாலையே நான் நம்பியிருக்க மாட்டேன்.

அந்தப் போட்டியில் எனக்கு ஆகப் பிடித்தது முடிவு. தோற்கடிக்கத்தான் வந்தான், வாசித்துக்கொண்டு போகப்போக அவனுடைய முகம் மாறுகிறது, கடைசியில் ‘தில்லானா’ மோகனாம்பாள் என்ற பட்டத்தைத் தானே கொடுக்கிறான். காதலன் விட்டுக்கொடுத்ததாக எனக்கு அது தெரியவில்லை. இன்னொரு வித்தைக்காரியை வித்தைக்காரன் ஒருவன் ஒப்புக்கொள்கிறான், சபைக்கு முன்னால். தவில் சமா பார்த்தவர்களுக்கு இது உடனே விளங்கும். நம் பக்கத்துக் கோயில்களில் நாலைந்து தவில்காரரை இருத்தி மாறி மாறி வாசிக்க விடுவார்கள், ஒருவரை ஒருவர் விழுத்தத்தான் பார்ப்பார்கள், ஆனால் எதிரில் இருப்பவர் ஒரு கணக்கை முடித்துச் சரியாக வந்து விழும்போது இவருடைய தலை தானாக ஆடிவிடும். யாழ்ப்பாணம் தெட்சணாமூர்த்தி மாதிரி ஒரு தவில் மேதையைத் தந்த நாடு இது, தமிழ்நாட்டுப் பெரிய வித்துவான்களே அவரைக் கொண்டாடினார்கள். அந்தத் தலையாட்டலுக்கு எங்கள் சனம் பழக்கப்பட்டவர்கள், அதனால்தான் இந்தப் படம் இங்கே இப்படி ஒட்டிக்கொண்டது என்று நினைக்கிறேன்.

அவள் பட்டத்தை வாங்கும்போதே அவன் கையில் நஞ்சு தோய்த்த கத்தி பாய்கிறது. அதற்குப் பிறகு வருவதுதான் ‘நலந்தானா’. பி. சுசீலாவின் குரல். நலமா என்று கேட்க மேடையைத் தவிர வேறு இடமில்லை அவளுக்கு. தாய் பார்த்துக்கொண்டிருக்கிறாள், சபை பார்த்துக்கொண்டிருக்கிறது, அவன் பக்கத்தில் குழலோடு இருக்கிறான். அவள் ஆட்டத்துக்குள்ளே வைத்துக் கேட்கிறாள், அவன் குழலில் பதில் சொல்கிறான். பாலையாவின் முகத்தைப் பார்க்க மறக்கவேண்டாம், தவிலை வாசித்துக்கொண்டே நடக்கிறதை எல்லாம் விளங்கிக்கொண்டு அவர் காட்டுகிற முகபாவங்களுக்காகவே அந்தப் பாட்டைத் திரும்பப் பார்க்கலாம். ஒரு பாட்டை எடுத்துவிட்டால் கதை அறுந்துவிடவேண்டும், இசைப்படத்துக்கு நான் வைத்திருக்கும் அளவுகோல் அதுதான். ‘நலந்தானா’வை எடுத்துவிட்டுப் பாருங்கள், அவர்கள் இரண்டு பேரும் சமாதானமாகிற இடமே படத்தில் இருக்காது. ‘மறைந்திருந்து’ பாட்டும் அப்படித்தான். ஆட்டத்தைப் பார்க்கமாட்டேன் என்ற வீம்போடு இருந்தவன் ஒளிந்து நின்று பார்க்கிறான், அது அவளுக்குத் தெரிந்துவிடுகிறது, முருகனைப் பாடுகிற சாட்டில் அவனைக் கேட்கிறாள். சண்முகன் முருகனுக்கும் பெயர், அவனுக்கும் பெயர். சாமியைக் காதலனாக வைத்துப் பாடும் பதங்களில் நூற்றாண்டுகளாக இருக்கும் வழிதான், கண்ணதாசன் அதைக் கதைக்கு நேரே கொண்டுவந்து பொருத்திவிட்டார். ஷண்முகப்பிரியாவில் தொடங்கி ராகங்கள் மாறி மாறிப் போகின்றன, அதையும் ஒரு ஆடற்காரி தன் திறமையை முழுதாகக் காட்டுவதாகவே நான் கேட்கிறேன், யார் பார்த்துக்கொண்டிருக்கிறான் என்று அவளுக்குத் தெரியுமே.

கே.வி. மகாதேவனைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் பாவம். ‘கந்தன் கருணை’க்கு இசைக்கான தேசிய விருதை வாங்கியவர், அந்த விருது கொடுக்கத் தொடங்கியபோது முதலில் வாங்கியவரே அவர்தான். இந்தப் படத்தில் அவர் செய்த பெரிய வேலை, வழிவிட்டு நின்றது. நாதஸ்வரம் ஒலிக்கும் இடங்களில் பின்னால் வயலின் கூட்டத்தைப் போட்டு நிரப்பவில்லை. குழலும் தவிலும் தாளமும் சுருதியும் எப்படிக் கோயிலில் கேட்குமோ அப்படியே விட்டார். இதற்கு முன்னாலும் சினிமாவில் நாதஸ்வரம் வந்திருக்கிறது, 1962இல் ‘கொஞ்சும் சலங்கை’யில் காருகுறிச்சி அருணாசலம் வாசிக்க எஸ். ஜானகி பாடிய ‘சிங்காரவேலனே தேவா’வை யாராலும் மறக்க முடியாது. அதுவும் ஆபேரிதான். வாசிப்பு என்று மட்டும் எடுத்தால் காருகுறிச்சியார் வாசித்ததற்குத்தான் நான் ஒரு படி மேலே கொடுப்பேன், சும்மா ஏன் மறைக்கவேண்டும். ஆனால் அங்கே அது ஒரு பாட்டோடு நின்றுவிடுகிறது. இங்கே மூன்று மணித்தியாலமும் அந்த வாத்தியம்தான் கதையை இழுத்துக்கொண்டு போகிறது.

சரி, குறைகளுக்கு வருவோம், குறையில்லாத படம் என்று நான் சொல்லமாட்டேன்.

மதன்பூர் மகாராஜா பகுதி எனக்கு ஒட்டவில்லை. நம்பியார் நன்றாகத்தான் நடித்திருக்கிறார், ஆனால் அது வேறு ஒரு படம், வில்லனிடமிருந்து பெண் தப்பிக்கும் படம். திருவாரூரில் இரண்டு கலைஞர்களுக்கு நடுவில் இருந்த கதை அங்கே போனதும் கற்புக் கதையாகச் சுருங்கிவிடுகிறது. அதைவிட மோசம், சண்முகசுந்தரம் அவளைச் சந்தேகப்படுவது. மேடையில் அவ்வளவு பேருக்கு முன்னால் அவளுடைய வித்தையை ஒப்புக்கொண்டவன், மேடைக்கு வெளியே அவளுடைய சொல்லை நம்பமாட்டேன் என்கிறான். மனிதர்கள் அப்படி இருப்பார்கள், அதில் எனக்குச் சந்தேகமில்லை. படம் அவனை ஒரு கேள்வியும் கேட்காமல் விட்டுவிடுகிறது, அதுதான் எனக்குக் கோபம். கல்யாணத்தோடு படம் முடிகிறது, அதற்குப் பிறகு அவள் ஆடினாளா என்று யாரும் கேட்கவில்லை. எனக்குக் கேட்கவேண்டும் போல இருக்கும்.

தாய் வடிவாம்பாளின் விஷயம் இன்னும் கொஞ்சம் சிக்கலானது. சி.கே. சரஸ்வதி அந்தப் பாத்திரத்தை வடிவாகச் செய்திருக்கிறார், பார்க்கிறவர்கள் எல்லாரும் அவளைத் திட்டுவார்கள். மகளைப் பணக்காரனிடம் சேர்க்கத் துடிக்கும் பேராசைக்காரி, அவ்வளவுதான் படம் சொல்கிறது. ஆனால் அந்தக் கதை நடக்கும் உலகத்தைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். நாதஸ்வரக் குழுவைப் பெரியமேளம் என்றும் ஆடற்காரிகளின் குழுவைச் சின்னமேளம் என்றும் சொல்வார்கள், இரண்டும் கோயிலைச் சுற்றியே வளர்ந்தவை, பெரும்பாலும் ஒரே சமூகத்துக் குடும்பங்கள். இந்தியாவிலிருந்து சின்னமேளம் யாழ்ப்பாணத்துத் திருவிழாக்களுக்கும் வந்து ஆடியிருக்கிறது, ஆறுமுக நாவலர் அதைக் கடுமையாகக் கண்டித்திருக்கிறார். தேவதாசி முறைக்கு எதிரான சட்டம் சென்னை மாகாணத்தில் 1947இல் வந்தது. அதற்கு முந்திய காலத்தில் ஆடுகிற வீட்டுப் பெண்ணுக்கு வேறு பாதுகாப்பு என்ன இருந்தது? நிலபுலம் உள்ள ஒருவனின் ஆதரவுதான். தாய்க்குத் தெரிந்த உலகம் அது. மோகனா அதை உதறிவிட்டு இன்னொரு கலைஞனையே கட்டுவேன் என்று நிற்பது எவ்வளவு துணிச்சல் என்பது, அந்த உலகத்தைப் படம் சொல்லியிருந்தால் இன்னும் நன்றாக விளங்கியிருக்கும். படம் பழியைத் தாயின் தலையிலும் தரகன் சவடால் வைத்தியின் தலையிலும் போட்டுவிட்டு, ஊர்ப் பெரிய மனிதர்களில் இரண்டு பேரை மட்டும் கெட்டவர்களாகக் காட்டிவிட்டு நகர்ந்துவிடுகிறது. நாகேஷின் வைத்தியை நான் ரசிக்காமல் இல்லை, அந்த நடை, அந்தக் கும்பிடு, பணத்தைக் கண்டவுடன் மாறுகிற குரல், எல்லாம் அற்புதம். ஆனால் தரகன் என்ற ஒருவன் இருப்பதற்கு வாங்குகிறவர்கள் வேண்டுமே.

மனோரமாவை இங்கே சேர்த்துச் சொல்லவேண்டும். ஜில் ஜில் ரமாமணியைப் பலரும் நகைச்சுவைப் பாத்திரம் என்றுதான் வைத்திருக்கிறார்கள். எனக்கு அவள் படத்தின் மூன்றாவது பெரிய கலைஞர். கோயில் மேடைக்கு அவளை ஏற்றமாட்டார்கள், பெரிய சபைக்குக் கூப்பிடமாட்டார்கள், கொட்டகை போட்டு டிக்கெட் விற்று ஆடுகிறவள், ஆனால் சண்முகசுந்தரத்தின் நாதஸ்வரத்துக்கு அவள் கொடுக்கிற மதிப்பு அங்கே வேறு யாரும் கொடுக்காத மதிப்பு. தொழில் தெரிந்தவளின் மதிப்பு அது. அவளிடம் பொறாமை கிடையாது. கூத்தாடுகிறவளையும் கோயிலில் ஆடுகிறவளையும் ஒரே படத்தில் வைத்து, கூத்தாடுகிறவளுக்கும் ஒரு முழுப் பாட்டையும் கொடுத்து, அவளை மனசு நிறைந்த பெண்ணாகக் காட்டியதற்கு நாகராஜனுக்கு நான் தனியாக நன்றி சொல்வேன். மூதூர், சம்பூர்ப் பக்கம் கூத்துப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு நான் சொல்வது இன்னும் நன்றாக விளங்கும்.

‘பழைய ஞாபகத்தில்தான் சொல்கிறார்களா’ என்று கேட்டீர்கள். கொஞ்சம் இருக்கத்தான் செய்யும், ஏன் இல்லை. இலங்கை வானொலியில் ‘நலந்தானா’ கேட்டு வளர்ந்த தலைமுறை, ஒலிபெருக்கி கட்டிய கல்யாண வீடுகளில் அதைக் கேட்ட தலைமுறை, அவர்களுக்கு அந்தப் பாட்டோடு ஆட்களும் வீடுகளும் சேர்ந்துதான் வரும், அதில் எத்தனையோ வீடுகள் இப்போது இல்லை. அதை அவர்களிடமிருந்து பிரிக்கச் சொல்லி நான் கேட்கமாட்டேன். ஆனால் ஞாபகம் ஒன்றும் இல்லாமல் புதிதாகப் பார்க்கிற ஒருவருக்கும் இந்தப் படத்தில் பார்க்க இருக்கிறது. அதற்குத்தான் இவ்வளவும் எழுதினேன்.

நீங்கள் போனில் பார்த்திருப்பீர்கள் என்று ஊகிக்கிறேன், அங்கேதான் பாதிப் பிரச்சினை. தவிலின் இடது பக்கத்துச் சத்தம் போனில் கேட்கவே கேட்காது, டிக் டிக் என்று வலது பக்கம் மட்டும்தான் வரும், நாதஸ்வரமும் மெலிந்து கிரீச்சிடும். யாராவது ஒருவருடைய வீட்டில் நல்ல ஸ்பீக்கர் இருந்தால் அங்கே போடுங்கள். முழுப் படத்தையும் திரும்ப இருந்து பார்க்கவேண்டும் என்றில்லை. அழகர் கோயில் கச்சேரி, ‘மறைந்திருந்து’, திருவாரூர்ப் போட்டி, ‘நலந்தானா’, இந்த ஒழுங்கில் அந்த இடங்களை மட்டும் எடுத்துப் பாருங்கள். போட்டியை இரண்டு தரம் பாருங்கள்: முதல் தரம் பத்மினியின் காலை மட்டும், இரண்டாம் தரம் சிவாஜியின் முகத்தை மட்டும், எந்த இடத்தில் அவன் தோற்கடிக்கும் எண்ணத்தை விடுகிறான் என்று தேடிக்கொண்டு. எனக்கு ஒரு இடம் தெரியும், சொல்லமாட்டேன், நீங்கள் கண்டதைச் சொல்லுங்கள். அப்புறம் ‘சிங்காரவேலனே’யைக் கேட்டுவிட்டு ‘நகுமோமு’வைக் கேளுங்கள், ராகம் ஒன்று என்பது காதுக்குத் தானாகப் பிடிபடும். அடுத்த திருவிழாவில் பத்திரகாளி அம்மன் கோயில் வெளிவீதியில் மேளம் நிற்கும்போது, போனைப் பொக்கெட்டில் வைத்துவிட்டுத் தவில்காரரின் வலது கைப் பக்கமாகப் போய் நில்லுங்கள், அங்கேதான் நானும் நிற்பேன்.